நஷ்டக் கணக்கில் எழுதிய படம்

அமெரிக்காவில் டிசம்பர் மாதம் வந்தால் சில காரியங்கள் தவறாமல் நடைபெறும். கடைத் தெருவெல்லாம் விளக்குச் சரம் கட்டுவார்கள். வீட்டுக் கூடத்தில் ஒரு மரத்தைக் கொண்டுவந்து நிறுத்தி அதற்கு நகை நட்டுப் பூட்டுவார்கள். பிறகு ஏதாவது ஓர் இரவு, தாத்தாவிலிருந்து பேரன் வரையில் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, எத்தனையோ தடவை பார்த்துவிட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை மறுபடியும் பார்ப்பார்கள். கதை எல்லோருக்கும் மனப்பாடம். இருந்தாலும் கடைசிக் காட்சி நெருங்கும்போது கைக்குட்டையைத் தேடுவார்கள்.

அந்தப் படத்தின் பெயர் 'இட்ஸ் எ ஒண்டர்புல் லைப்'. வாழ்க்கை ஓர் அற்புதம் என்று தமிழில் சொல்லலாம். 1946-ல் பிராங்க் காப்ரா எடுத்தது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கதாநாயகன். 2006-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகம், மனத்துக்குத் தெம்பு கொடுக்கும் படங்கள் என்று நூறு படங்களைப் பொறுக்கி எடுத்தபோது, இதைத்தான் முதலில் வைத்தது. இத்தனை சீரும் சிறப்பும் பெற்ற படத்துக்கு, அதை வெளியிட்ட கம்பெனியின் பேரேட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? நஷ்டம், 5,25,000 டாலர்.

பேரேடு பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மை முழுவதும் பேரேட்டில் அடங்குவதில்லை. படத்தின் கதையும் இதுதான். படத்துக்கு நேர்ந்த கதியும் இதுதான். இரண்டும் இப்படி ஒன்றுபோல் அமைந்திருப்பதைக் கதை எழுதுகிறவன் யாராவது கற்பனை செய்திருந்தால், "ரொம்பவும் ஜோடனையாக இருக்கிறதே!" என்று நாம் சொல்லியிருப்போம். நடந்தது நடந்தபடி இருப்பதால் நம்பித்தான் ஆகவேண்டும்.

*

முதலில் கதை பிறந்த கதையைப் பார்க்கலாம்.

பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்பவர் புத்தகப் பதிப்புத் தொழிலில் இருந்தவர். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தைப் பற்றிச் சரித்திர நூல்களும் எழுதியவர். 1938 பிப்ரவரியில் ஒரு நாள் காலை, முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது, அவர் மனத்தில் ஒரு சிறுகதை முழுசாக உதித்தது. உயிரை விட்டுவிடலாம் என்று பாலத்தின்மேல் வந்து நிற்கிறான் ஒருவன். தான் பிறக்காமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறான். முன்பின் தெரியாத ஒருவர் அங்கே தோன்றி, அப்படியே ஆகட்டும் என்று வரம் கொடுத்துவிடுகிறார். தான் பிறக்கவே பிறக்காத தன் ஊருக்குள் அவன் திரும்பி நடக்கிறான். தம்பி இல்லை, மனைவி தன்னுடையவள் இல்லை, தெரிந்த முகங்களுக்குத் தன்னைத் தெரியவில்லை.

உதித்தது ஒரு நிமிஷத்தில். எழுதி முடித்தது 1943-ல். அதாவது ஐந்து வருஷம்! இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். அடுத்தபடி நடந்ததும் அவர்களுக்குப் பழக்கமானதுதான்: பத்திரிகைகள் எதுவும் கதையை வாங்கிக்கொள்ளவில்லை. ஸ்டெர்ன் மனம் உடைந்து பெட்டியில் போட்டுப் பூட்டிவிடவில்லை. 'மிகப் பெரிய பரிசு' என்ற தலைப்புடன் 200 பிரதிகள் அச்சடித்து, அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் வாழ்த்து மடலுக்குப் பதிலாக நண்பர்களுக்கு அனுப்பிவிட்டார். விலை போகாத சரக்கை இனாமாகக் கொடுத்தார். இந்த இனாம் என்ற வார்த்தையை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருஷத்துக்குப் பிறகு அது திரும்பி வருகிறது.

வாழ்த்துப் பிரதி ஒன்று ஹாலிவுட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆர்.கே.ஓ. கம்பெனி 1944-ல் 10,000 டாலர் கொடுத்துக் கதையை வாங்கியது. காரி கிராண்ட்டைப் போட்டு எடுப்பதாக உத்தேசம். டால்டன் டிரம்போ, மார்க் கானெல்லி, கிளிபர்டு ஓடெட்ஸ் என்று மூன்று கெட்டிக்கார எழுத்தாளர்கள் ஒருவர்பின் ஒருவராக வசனம் எழுதிப் பார்த்தார்கள். ஒன்றும் சரிப்படவில்லை. 1945-ல் கதையை, எழுதிய காகிதங்களோடு சேர்த்து, வாங்கிய விலைக்கே காப்ராவிடம் தள்ளிவிட்டார்கள்.

*

காப்ரா அப்போது யுத்த சேவையிலிருந்து திரும்பியிருந்தார். ஸிஸிலித் தீவில் பிஸக்வீனோ என்ற கிராமத்தில் 1897-ல் பிறந்தவர் அவர். 1903-ல் பெற்றோருடன் கப்பலில் அமெரிக்கா வந்தார். பத்திரிகை விற்றும் கிடைத்த வேலையைச் செய்தும் படித்து, 1918-ல் ரசாயன என்ஜினீயரிங் பட்டம் வாங்கினார். பட்டம் சோறு போடவில்லை, ஸினிமா போட்டது. 1934-க்கும் 1938-க்கும் இடையில் மூன்று தடவை சிறந்த டைரக்டருக்கான ஆஸ்கார் பரிசு பெற்றார். யுத்தம் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்து, 'நாம் ஏன் போரிடுகிறோம்' என்ற வரிசையில் சிப்பாய்களுக்காக ஏழு படங்கள் தயாரித்தார்.

திரும்பி வந்தவருக்குப் பழையபடி ஸ்டூடியோ முதலாளிகளின் கீழ் வேலை செய்ய மனம் வரவில்லை. வில்லியம் வைலர், ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் என்ற இரண்டு டைரக்டர்களுடனும், சாமுவேல் பிரிஸ்கின் என்ற நிர்வாகியுடனும் சேர்ந்து சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். அதற்கு 'லிபர்ட்டி பிலிம்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதாவது சுதந்திரம். டைரக்டர்கள் மூவரும் காமிராவுடன் யுத்தம் பார்த்தவர்கள். விமானத்தில் பறந்து படம் பிடித்ததில் வைலரின் காதுகள் கெட்டுப்போயின. ஸ்டீவன்ஸ் டாக்கோ சிறை முகாமின் கோரத்தைக் காமிராவில் பிடித்து வந்தவர். அந்தப் படச் சுருள்கள் நூரம்பர்க் விசாரணையில் சாட்சி சொல்லின.

கதாநாயகனும் அப்படித்தான். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பென்ஸில்வேனியாவில் ஒரு சிற்றூரில் இரும்புச் சாமான் கடைக்காரரின் பிள்ளை. அவருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தபோது, தகப்பனார் அந்தப் பதுமையை வாங்கிக் கடையின் கண்ணாடி ஜன்னலில் வைத்துவிட்டார். பரிசு கிடைத்த அடுத்த மாதமே, 1941 மார்ச்சில், அமெரிக்கா யுத்தத்தில் இறங்குவதற்கு முன்னாலேயே, ஸ்டூவர்ட் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். குண்டு வீசும் விமானங்களை ஓட்டி ஜெர்மானியருக்கு எதிராக இருபது தடவை போய் வந்தார். கர்னலாகத் திரும்பியபோது மனிதர் இளைத்துக் கறுத்து, மறுபடி நடிக்க முடியுமா என்ற சந்தேகத்தில் இருந்தார். யுத்தத்துக்குப் பிறகு அவர் நடித்த முதல் படம் இதுதான்.

இந்தப் பின்னணி தெரியாமல் பார்த்தால், படத்தில் ஓர் இடம் வெறும் நல்ல நடிப்பாகத் தோன்றும். ஜார்ஜ் பெய்லி என்ற கதாநாயகன் எல்லா வழியும் அடைபட்டு, ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து, கும்பிட்டுப் பழக்கமில்லாதவன் கும்பிடுவதுபோல் தடுமாறிப் பிரார்த்தனை செய்கிறான். கண்ணீர் வழிகிறது. அந்த அழுகை திட்டமிட்டு வந்ததல்ல என்று ஸ்டூவர்ட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். காப்ரா காமிராவைக் கிட்டத்தில் வைத்திருக்கவில்லை. அந்த அழுகையை இன்னொரு தடவை கேட்டு வாங்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் எடுத்த படத்தையே ரசாயனச் சாலையில் பெரிதாக்கி, முகத்தை நெருக்கிக் கொண்டுவந்தார். சமீபத்தில் படத்தை மறுபடி பார்த்தபோது, அந்த இடத்தில் படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிவதைக் கவனித்தேன். அந்தப் புள்ளிகள்தான் அழுகைக்கு அத்தாட்சி.

*

பண்டிகைப் படம் என்று பெயரே தவிர, இந்தப் படத்தில் பண்டிகை ஓர் இரவுதான். மற்றதெல்லாம் கால் நூற்றாண்டுச் சரித்திரம். 1919 முதல் 1945 வரையில் அமெரிக்கா பட்ட அடிகளை பெட்போர்டு பால்ஸ் என்ற ஒரு கற்பனை ஊரின் வழியாகச் சொல்கிறது.

முதல் அடி இன்புளூயன்ஸா ஜுரம். 1918-19-ல் உலகத்தையே வாரிக்கொண்டு போன அந்த ஜுரத்தில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,75,000 பேர் இறந்தார்கள். படத்தில் இந்தப் புள்ளிவிவரம் எதுவும் கிடையாது. மருந்துக் கடைக்காரர் கவர் கையில் ஒரு தந்தி இருக்கிறது. வெளியூரில் படிக்கப் போன மகன் ஜுரத்தில் இறந்துவிட்டான். துக்கத்தில் குடித்துவிட்டு, கை தடுமாறி, மருந்துக் குளிகையில் விஷத்தைப் போட்டு அடைக்கிறார். கடையில் எடுபிடியாக இருக்கும் சிறுவன் ஜார்ஜ் அதைப் பார்த்துவிடுகிறான். மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் திரும்பி வந்து, செவிட்டுக் காதில் அறை வாங்குகிறான். அந்தக் காது செவிடானதற்கும் காரணம் உண்டு. உறைந்த குளத்தில் விழுந்த தம்பியைக் காப்பாற்றக் குதித்ததில் கிடைத்த பரிசு அது. கவராக நடித்த எச்.பி. வார்னர் என்பவர் 1927-ல் வந்த மௌனப் படம் ஒன்றில் ஏசுநாதராக நடித்துப் பிரபலமானவர். அவரைக் குடிகாரராக்கியது காப்ராவின் குறும்பு.

இரண்டாவது அடி பணமுடை. ஜார்ஜுக்கு உலகம் சுற்ற ஆசை. பாலங்கள் கட்ட ஆசை. தகப்பனார் திடீரென்று இறந்துபோகவே, அவர் நடத்திவந்த வீட்டுக் கடன் சங்கம் இவன் தலையில் விழுகிறது. இப்படிப்பட்ட சங்கங்கள் அமெரிக்காவில் உண்மையாகவே இருந்தவை. முதலாவது சங்கம் 1831-ல் பிலடெல்பியாவை அடுத்த பிராங்க்போர்டில் தோன்றியது. நம் பக்கத்தில் பரஸ்பர சகாய நிதி என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அந்த மாதிரி. அங்கத்தினர்கள் மாதாமாதம் சேர்த்துப் போடும் பணத்தை அங்கத்தினர்களுக்கே வீடு கட்டக் கடனாகக் கொடுப்பார்கள். பாங்கியில் ஈடு கேட்பார்கள். இங்கே ஆளைத் தெரிந்திருந்தால் போதும். ஊரின் பெரிய பணக்காரன் பாட்டருக்கு இது பிடிக்கவில்லை. ஜனங்கள் சொந்த வீட்டுக்குப் போய்விட்டால் அவன் வாடகைக் குடிசைகளில் யார் இருப்பது?

1930-க்கும் 1933-க்கும் இடையில் அமெரிக்காவில் சுமார் 9,000 பாங்கிகள் மூழ்கின. போட்ட பணம் போயிற்று என்ற வதந்தி கிளம்பினால் போதும், வாசலில் கூட்டம் கூடிவிடும். கூட்டம் கூடினதாலேயே பாங்கி மூழ்கிவிடும். ஜார்ஜ் கல்யாணம் செய்துகொண்டு தேனிலவுக்குப் புறப்படுகிற நாளில் அந்தக் கூட்டம் அவன் சங்கத்து வாசலில் கூடுகிறது. மழை. கம்பிக் கதவு. "எங்கள் பணத்தைக் கொடு!" பணம் பெட்டியில் இல்லை; பக்கத்து வீட்டுக்காரனின் சுவரிலும் கூரையிலும் இருக்கிறது என்று அவன் எடுத்துச் சொல்கிறான். எதிர்ப்புறத்தில் பாட்டர், ஒரு டாலர் பங்குக்கு அரை டாலர் தருகிறேன், இப்போதே வா என்கிறான். அப்போது கல்யாணப் பெண் மேரி, தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரைக் கையில் தூக்கிக் காட்டுகிறாள். உனக்கு எவ்வளவு வேண்டும், உனக்கு எவ்வளவு வேண்டும் என்று ஜார்ஜ் கேட்டுக் கேட்டுக் கொடுக்கிறான். ஓர் அம்மாள் பதினேழரை டாலர் போதும் என்கிறாள். அவன் அவளைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான். சாயங்காலம் கடை அடைக்கும்போது பெட்டியில் மிஞ்சியது இரண்டு டாலர்.

பொருளாதாரத்தை இவ்வளவு பச்சையாக, இவ்வளவு மனிதத்தன்மையுடன் காட்டிய காட்சி ஸினிமாவில் அபூர்வம். அந்த அம்மாள் இருபது டாலர் கேட்காமல் பதினேழரை கேட்டாள் என்பதில்தான் ஒரு சமூகம் பிழைத்துக்கொள்கிறது.

மூன்றாவது அடி யுத்தம். செவிட்டுக் காதின் காரணமாக ஜார்ஜைப் பட்டாளத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி ஹாரி விமானியாகிறான். துருப்புகள் நிறைந்த கப்பலைக் காப்பாற்றிப் பதக்கம் வாங்குகிறான். அண்ணன் ஊரில் ரப்பரும் பழங்காகிதமும் சேகரித்துக்கொண்டிருக்கிறான். நிஜத்தில் இருபது தடவை பறந்த ஸ்டூவர்ட், பறக்கக் கொடுத்துவைக்காதவனாக நடித்தார்!

கடைசியில் 1945 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். பாங்கியில் கட்டவேண்டிய 8,000 டாலரைச் சித்தப்பா பில்லி ஞாபகப் பிசகாகப் பத்திரிகைக்குள் மடித்துப் பாட்டர் கையிலேயே கொடுத்துவிடுகிறார். பாட்டர் பார்க்கிறான், வைத்துக்கொள்கிறான். கணக்குப் பார்க்கும் அதிகாரி வந்துவிட்டார். பணம் இல்லையென்றால் ஜெயில். வேறு வழியின்றி ஜார்ஜ் அந்தப் பாட்டரிடமே போய்க் கடன் கேட்கிறான். ஈடாகக் காட்ட அவனிடம் இருப்பது 15,000 டாலருக்கு ஓர் இன்ஷூரன்ஸ் பத்திரம். அதன் இன்றைய மதிப்பு 500 டாலர். பாட்டர் சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டுச் சொல்கிறான்: நீ உயிரோடு இருப்பதைவிடச் செத்தால்தான் உனக்கு விலை.

ஜார்ஜ் அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டுவிடுகிறான். வில்லன் கெட்டவன் என்பது பெரிய விஷயமல்ல. நல்லவன் ஒருவன், தன் ஆயுளை வில்லனுடைய பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கூட்டிப் பார்க்கிறான். பார்க்காத ஊர்கள், கட்டாத பாலங்கள், படிக்காத படிப்பு, கையில் இல்லாத 8,000 டாலர். கூட்டினால் நஷ்டம். உடனே பாலத்துக்கு நடக்கிறான். இதற்குப் பிறகு வரும் கிளாரன்ஸ் என்ற தேவதூதன் ஒரு வேடிக்கையான கிழவர். இன்னும் சிறகு முளைக்காதவர். அவர் செய்கிற காரியம் ஒன்றே ஒன்று. வேறொரு பேரேட்டைப் பிரித்துக் காட்டுகிறார். அதில் மருந்துக் கடைக்காரர் சிறைக்குப் போய் வந்த பிச்சைக்காரர். தம்பி 1919-லேயே கல்லறையில். தம்பி இல்லாததால் கப்பலில் இருந்தவர்களும் இல்லை. வீடுகள் எழும்பிய இடம் சுடுகாடு. ஊருக்குப் பெயரே பாட்டர்ஸ்வில்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஜார்ஜ் பிறக்காத உலகத்தில் மேரி கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்யாணமாகாமல், நூலகத்தில் வேலை பார்க்கிறாள். இதைப் பெரிய கொடுமையாகக் காட்டுகிறார்கள். புத்தகங்களுக்கு நடுவில் வாழ்வது அப்படி என்ன தண்டனை என்று நம் வாசகிகள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். அந்த ஊரில் பெயர் சொல்லும்படி ஒரே ஒரு நீக்ரோப் பெண்மணிதான் இருக்கிறாள், அவளும் சமையற்காரி. காப்ரா பார்த்த நல்ல ஊரின் எல்லை அவ்வளவுதான்.

*

படம் எடுத்தது 1946 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை. கலிபோர்னியா வெயிலில்! என்ஸினோ என்ற இடத்தில் நாலு ஏக்கராவில் ஊரைக் கட்டினார்கள். எழுபத்தைந்து கடைகளும் கட்டடங்களும், வேரோடு கொண்டுவந்து நட்ட இருபது ஓக் மரங்களும் கொண்ட கடைத்தெரு. அதன்மேல் பனி பெய்யவேண்டும். அதுவரையில் ஹாலிவுட்டில் பனி என்றால் வெள்ளையடித்த சோள அவல்தான். நடந்தால் நறநறவென்று சத்தம் கேட்கும்; பேச்சைப் பிறகு தனியாகப் பதிவு செய்யவேண்டியிருக்கும். ஸ்டூடியோவின் தந்திரக் காட்சிப் பிரிவில் ரஸ்ஸல் ஷெர்மன் என்பவர், தீ அணைக்கும் நுரையையும் சோப்பையும் தண்ணீரையும் கலந்து, காற்று யந்திரத்தால் ஊதிவிட்டு, சத்தமில்லாத பனியைக் கண்டுபிடித்தார். இதற்காக ஆஸ்கார் கழகம் பிறகு ஒரு தொழில் நுட்பப் பரிசு கொடுத்தது. இந்தப் படத்துக்காக அந்தக் கழகம் கொடுத்த பரிசு இது ஒன்றுதான். பாலத்தின்மேல், பனிக்கு நடுவில் நிற்கும் ஸ்டூவர்ட்டின் முகத்தைக் கூர்ந்து பாருங்கள். வியர்வை பளபளக்கும்.

1946 டிசம்பர் 20-ல் நியூயார்க்கில் படம் வெளியாயிற்று. உண்மையில் அது அந்தக் கிறிஸ்துமஸுக்கு வருவதாகவே இல்லை. ஆர்.கே.ஓ. பண்டிகைக்கு வைத்திருந்த 'சிந்துபாத்' வர்ணப் படத்தின் பிரதிகள் தயாராகாததால், அந்த இடத்தில் இதைத் தள்ளினார்கள். மற்ற ஊர்களுக்கு ஜனவரியில்தான் போயிற்று. கிறிஸ்துமஸ் மரங்கள் குப்பையில் கிடக்கும் மாதம்! முப்பது லட்சம் டாலருக்குமேல் செலவழித்து எடுத்த படம், கொட்டகைகளில் வசூலித்துக் கொடுத்தது சுமார் 33 லட்சம். வெளியீட்டுச் செலவுகளைக் கழித்தால் துண்டு விழுந்தது. இத்தனைக்கும் அமெரிக்காவில் ஜனங்கள் மிக அதிகமாகக் கொட்டகைக்குப் போன வருஷங்களில் 1946 ஒன்று.

ஐந்து ஆஸ்கார் பரிசுகளுக்குச் சிபாரிசாயிற்று, ஐந்தும் கிடைக்கவில்லை. சிறந்த படம், சிறந்த டைரக்டர் என்ற இரண்டு பரிசுகளையும் தட்டிக்கொண்டு போனது 'நம் வாழ்வின் சிறந்த வருஷங்கள்' என்ற படம். எடுத்தவர் யார்? லிபர்ட்டி பிலிம்ஸில் காப்ராவின் பங்காளியான வைலரேதான், ஆனால் வேறொரு முதலாளிக்காக! யுத்தத்திலிருந்து திரும்பிய மூன்று பேரின் கதை அது. அவர்களில் ஒருவர் பாங்கி அதிகாரி. ஈடில்லாமல் ஒரு சிப்பாய்க்குக் கடன் கொடுத்துவிட்டு மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்லத் தவிக்கிறார். ஒரே வருஷத்தில், பங்காளிகள் இருவர், தனித்தனியாக, ஆளை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். யுத்தம் முடிந்த தேசத்துக்கு அப்போது அதுதான் பெரிய கேள்வி.

காப்ராவுக்கு விழுந்த அடி பலமானது. சுதந்திரக் கம்பெனி 1947-ல் பாராமவுண்ட் கம்பெனிக்கு விலையாகிவிட்டது. அந்தப் பெயரில் வெளிவந்த படங்கள் மொத்தம் இரண்டுதான். காப்ரா 1961 வரையில் படம் எடுத்தார். பழைய காப்ரா திரும்பி வரவில்லை.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 1947-ல் அமெரிக்கத் துப்பறியும் இலாகாவின் குறிப்பு ஒன்று, இந்தப் படம் பாங்கி முதலாளியைக் கொடியவனாகக் காட்டுகிறது, இது கம்யூனிஸ்டுகளின் வழக்கமான தந்திரம் என்று எழுதி வைத்தது. காப்ராவும் ஸ்டூவர்ட்டும் ரிபப்ளிகன் கட்சி அநுதாபிகள். கம்யூனிஸத்துக்கும் அவர்களுக்கும் வெகுதூரம். திரைக்கதை எழுதியவர்களில் முக்கியமான பிரான்ஸெஸ் குட்ரிச், ஆல்பர்ட் ஹாக்கெட் தம்பதிகள் பிற்பாடு ஆன் பிராங்கின் நாட்குறிப்பை நாடகமாக்கிப் புலிட்ஸர் பரிசு வாங்கியவர்கள். ஆனால் ஆரம்பத்தில் எழுதிப் பார்த்த டிரம்போ 1950-ல் உண்மையாகவே ஜெயிலுக்குப் போனார். காங்கிரஸ் விசாரணைக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்ததுதான் குற்றம். அண்டை வீட்டுக்காரனை நம்பு என்று ஒரு படம் சொன்ன மறு வருஷமே, அண்டை வீட்டுக்காரனைச் சந்தேகி என்ற காலம் பிறந்துவிட்டது.

*

படம் கைமாறிக் கைமாறி, டெலிவிஷனுக்குப் பழைய படங்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியிடம் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துச் சட்டப்படி பதிப்புரிமை 28 வருஷம்; பிறகு ஒரு விண்ணப்பம் போட்டால் இன்னொரு 28 வருஷம். 1974-ல் கெடு வந்தது. விண்ணப்பம் போடப்படவில்லை. அப்போது அந்தப் படத்தை யாரும் பெரிய சொத்தாக மதிக்கவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

உரிமை போனதும், படம் ஊர்ப் பொதுவாயிற்று. இனாம்! காசு கொடுத்துப் பெரிய படங்களை வாங்க வக்கில்லாத சின்னச் சின்ன டெலிவிஷன் நிலையங்கள் டிசம்பர் வந்தால் இதை எடுத்துப் போட ஆரம்பித்தன. ஒரே வாரத்தில் பல தடவை, ஒரே இரவில் பல நிலையங்களில், பிரதி தேய்ந்து மழை பெய்தாலும் சரி என்று போட்டார்கள். யாரும் விளம்பரம் செய்யவில்லை. பெட்டியைத் திருகினால் ஸ்டூவர்ட் பாலத்தின்மேல் நிற்பார். பார்க்க உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. பத்து வருஷத்தில் அது பண்டிகையின் ஒரு பாகமாகிவிட்டது. ஸ்டெர்ன் விலை போகாத கதையை இனாமாகக் கொடுத்ததால் படம் பிறந்தது. விலை போகாத படம் இனாமானதால் பிழைத்தது.

1984-ல் ஸ்டெர்ன் இறந்தார். காப்ரா 1991 வரையில் இருந்து, தம் நஷ்டப் படம் தேசத்தின் சொத்தானதைக் கண்ணால் பார்த்துவிட்டே போனார். 1990-ல் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கவேண்டிய படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. நடுவில் சிலர் வர்ணம் பூசி விற்றார்கள். ஸ்டூவர்ட் பகிரங்கமாக எதிர்த்தார்.

அதே 1980-களில் இன்னொரு காரியமும் நடந்தது. ஜார்ஜ் பெய்லி நடத்தியது போன்ற சேமிப்பு, வீட்டுக் கடன் நிறுவனங்கள் கட்டுப்பாடுகள் தளர்ந்து, ஆளைத் தெரியாத இடத்திலெல்லாம் பணத்தைக் கொட்டிச் சூதாடின. 1986-க்கும் 1995-க்கும் இடையில் 1,043 நிறுவனங்கள் மூழ்கின. வரி கொடுப்போர் தலையில் விழுந்த பளு சுமார் 12,400 கோடி டாலர். வருஷா வருஷம் டிசம்பரில் ஜனங்கள் டெலிவிஷனில் நேர்மையான ஜார்ஜைப் பார்த்து அழுதார்கள். ஜனவரியில் பத்திரிகையைப் பிரித்தால் ஜார்ஜின் தொழிலைப் பாட்டர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். பழைய ஊரை நினைத்து உருகுவது சுலபம். பதினேழரை டாலர் மட்டும் கேட்பதுதான் கஷ்டம்.

இனாம் காலமும் முடிந்தது. படம் பிரபலமானதும் அதற்கு விலை வந்துவிட்டது. 1990-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு படத்தின் வழக்கில், மூலக் கதையின் உரிமை உயிரோடு இருந்தால் படத்தை இஷ்டப்படி காட்ட முடியாது என்று தீர்ப்புக் கூறியது. அந்த வேறொரு படத்திலும் ஸ்டூவர்ட்தான் நாயகன். வழக்கிலும் அவர் ஒரு கட்சிக்காரர்! இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு, ரிபப்ளிக் என்ற கம்பெனி 1993-ல் ஸ்டெர்ன் எழுதிய கதையின் உரிமையும் படத்தின் சங்கீத உரிமையும் எங்களிடம் இருக்கின்றன என்று கொடி நாட்டியது. மறு வருஷத்திலிருந்து என்.பி.ஸி. நிலையம் ஒன்றுக்கே ஒளிபரப்பும் உரிமை. சின்ன நிலையங்கள் கைகட்டி நின்றன. இருபது வருஷம் இலவசமாகச் சோறு போட்டு வளர்த்தவர்கள் அவர்கள். பேரேட்டில் அவர்கள் பெயர் இல்லை.

கடைசிக் காட்சியைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. ஜார்ஜ் உயிர் வேண்டும் என்று ஓடி வருகிறான். வீட்டுக்குள் ஊரே திரண்டு வருகிறது. மேஜைமேல் சில்லறையும் நோட்டுமாகக் கொட்டுகிறார்கள். பழைய கவர், மதுக்கடை மார்ட்டினி, கணக்குப் பார்க்க வந்த அதிகாரி எல்லோரும் போடுகிறார்கள். பாட்டும் மணியோசையுமாகப் படம் முடிகிறது. பார்ப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த 8,000 டாலர்? அது பாட்டரிடமேதான் இருக்கிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. குற்றவாளி தண்டனை பெற்றாக வேண்டும் என்று ஹாலிவுட்டில் கண்டிப்பான தணிக்கை விதிகள் இருந்த காலத்தில், காப்ரா ஒரு திருடனைத் திருட்டுப் பணத்துடன் சுகமாக வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் படத்தை முடித்துவிட்டார். ஆண்டுதோறும் பார்க்கும் லட்சோபலட்சம் பேரில் இதைக் கவனிக்காதவர்களே அதிகம். கவனித்தவர்களுக்கும் அந்த நேரத்தில் அது பெரிதாகப் படுவதில்லை. ஜார்ஜுக்கும் படவில்லை. அவன் பாட்டரின் கணக்கைப் பார்ப்பதை அந்தப் பாலத்தின்மேலேயே விட்டுவிட்டான்.